சாமியாருக்கு என்ன கொடுப்பது

அன்புள்ள சவரி,

இங்கே எல்லாரும் நலம். அம்மா முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு காலைப் பூசைக்குத் தவறாமல் போய் வருகிறார். உன் மகன் பரீட்சை எழுதி முடித்துவிட்டானா? தங்கச்சியைக் கேட்டதாகச் சொல். மற்ற கதையெல்லாம் பிறகு. இப்போது உன்னால் ஒரு காரியம் ஆக வேண்டும்.

போன ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்ததும் அன்பியங்களின், அதாவது பங்கிலுள்ள குடும்பக் குழுக்களின், பொறுப்பாளர்கள் எல்லாரும் மண்டபத்தில் உட்கார்ந்தோம். கிறிஸ்மஸுக்கு நம் பங்குச் சாமியாருக்கு என்ன கொடுப்பது என்று பேச்சு. சட்டென்று முடிந்திருக்க வேண்டியது, மதியச் சாப்பாட்டு நேரத்தையும் தாண்டிப் போனது. மைக் மாமாவைத்தான் உனக்குத் தெரியுமே, தங்க முலாம் பூசிய பூசைப் பாத்திரம் என்றார். இளைஞர்கள் புதுக் கைப்பேசி என்றார்கள். பாடகர் குழு, பூசையில் தோளில் போடும் ஸ்தோலா வாங்கலாம் என்றது. பெரியவர் ஒருவர் எழுந்து, "எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவருக்குப் பரிசு எதற்கு?" என்று கேட்டார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. நீ உபதேசியார் மகன், உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. துறவற சபைச் சாமியார்கள் ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுக்கிறார்கள். அவர்கள் கைக்கு வருவது சபைக்குப் போகும். நம் சாமியார் மறைமாவட்டத்துக் குரு. மணம் செய்யாமல் வாழ்வதற்கும் ஆயருக்குக் கீழ்ப்படிவதற்கும்தான் வாக்குக் கொடுத்திருக்கிறார். எளிமையாக வாழ வேண்டும், மிஞ்சுவதை நல்ல காரியத்துக்குக் கொடுக்க வேண்டும் என்று திருச்சபை அவரிடம் எதிர்பார்க்கிறது, உண்மைதான். எளிமையாக வாழ்கிறவருக்கும் சட்டை கிழியும், செருப்பு தேயும்.

பூசைப் பாத்திரம் கோயிலுக்குத்தான் பரிசு. அவர் மாற்றலாகிப் போகும்போது அது இங்கேதான் இருக்கும். வெறும் வாழ்த்து எழுதி உறையில் காசு போட்டுக் கொடுத்தாலும் அதே கதிதான். திருச்சபைச் சட்டம் 1267-ஐப் பார். பங்கை நடத்துகிறவர் கையில் கொடுக்கும் காணிக்கை, வேறு நோக்கம் என்று தெரியாதவரை, பங்குக்குக் கொடுத்ததாகவே கொள்ளப்படும். இவர் எவ்வளவு கறாரானவர் என்று உனக்குத் தெரியும். அப்படியே கொண்டுபோய்ப் பங்குக் கணக்கில் சேர்த்துவிடுவார். அதனால் அங்பாவ் உறையில் காசு கொடுப்பதானால் மேலே "உங்கள் சொந்தச் செலவுக்கு" என்று தெளிவாக எழுதுங்கள் என்றேன். இன்னொன்றும் சொன்னேன். மற்ற நாள்களில் அவர் எத்தனை பூசை வைத்தாலும் ஒரே ஒரு பூசையின் காணிக்கையைத்தான் தனக்கென்று வைத்துக்கொள்ளலாம். கிறிஸ்மஸ் அன்றைக்கு மட்டும் மூன்று. திருச்சபையே அன்றைக்குக் கை தாராளமாகக் கொடுக்கும்போது நாம் ஏன் ஐந்து வெள்ளி, பத்து வெள்ளி என்று கணக்குப் பார்க்க வேண்டும்?

கேக் விஷயத்தையும் அங்கேயே பேசிவிட்டேன். மலேசியாவில் பெரியவர்களில் ஆறு பேரில் ஒருவருக்கு இனிப்பு நீர், அதுதான் நீரிழிவு. நம் சாமியாருக்கும் இருக்கிறது. போன வருடம் அவர் வீட்டு மேசையில் கேக், நெய் உருண்டை, அச்சு முறுக்கு என்று டப்பா டப்பாவாக அடுக்கி வைத்திருந்தது. போகிற வீட்டிலெல்லாம் வேறு சாப்பிட்டாக வேண்டும். ஒரு வீட்டில் கை நனைத்துவிட்டு அடுத்த வீட்டில் வேண்டாமென்றால் நம் ஆட்கள் சும்மா விடுவார்களா?

கைக்கடிகார விவகாரம் ஞாபகம் இருக்கிறதா? முன்பு இருந்த சாமியாருக்கு விலை உயர்ந்த கடிகாரம் கொடுத்தவர், நோன்புக் காலமான தவக்காலத்தில் மகளுக்குத் தடபுடலாகக் கல்யாணம் வைத்துத் தரச் சொல்லி வாசலில் வந்து நின்றாரே. அப்படிப்பட்ட பரிசு வாங்குகிறவர் கையைக் கட்டிப் போட்டுவிடும். சாமியார் நாளைக்கு நம்மையே கண்டிக்க வேண்டியிருந்தாலும் தயங்காமல் கண்டிக்கும்படியான பரிசாக இருக்க வேண்டும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். சாமியாருடைய அம்மா ஈப்போ பக்கத்துச் செம்மோரில் தனியாக இருக்கிறார். ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டிப் பிள்ளையைப் படிக்க வைத்தவர். இவர் தஞ்சோங் பூங்கா குருமடத்தில் குருவாகப் படித்த காலத்தில் அந்த அம்மா முறுக்கு டப்பாவோடு பஸ் மாறி மாறி வந்து பார்த்துவிட்டுப் போவாராம். போன கிறிஸ்மஸுக்கு என்ன நடந்தது தெரியுமா? முதல் நாள் சாயங்காலம் தொடங்கி ஆங்கிலம், சீனம், தமிழ், மலாய் என்று பூசைக்கு மேல் பூசை. நடுநிசிப் பூசை முடிந்து படுத்த கொஞ்ச நேரத்தில் எழுந்து காலைப் பூசை. அது முடிந்ததும் தனியாகக் காரை எடுத்துக்கொண்டு பினாங்குப் பாலம் ஏறிவிட்டார். நெடுஞ்சாலையில் சுங்கை பேராக் ஓய்விடத்தில் ஐந்து நிமிடம் கண்ணை மூடலாம் என்று நிறுத்தியவர், விழித்தபோது இருட்டிவிட்டது. அம்மா மதியச் சோற்றை வைத்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறார். கைப்பேசியில் சார்ஜ் இல்லை. இதை அந்த அம்மாவே ஜூலையில் புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் திருவிழாவில் என்னிடம் சொன்னார். அவர் அங்கே நிறுத்தியது கடவுள் புண்ணியம், சவரி. அதைத் தாண்டினால் மெனோரா சுரங்கப்பாதை, அப்புறம் லோரிகள் பிரேக் பிடிக்காமல் வரும் அந்த இறக்கம். நினைத்தால் எனக்கு இன்னமும் வயிற்றைக் கலக்குகிறது.

அதனால் நான் கேட்பது இதுதான். கிறிஸ்மஸ் அன்று கடைசிப் பூசை முடிந்ததும் நான் அவரை என் காரில் செம்மோருக்குக் கூட்டிப் போகிறேன். பின்சீட்டில் தலையணை போட்டுவிடுகிறேன், வழி நெடுகத் தூங்கட்டும். இரயிலில் அனுப்பலாம் என்று பார்த்தால் பண்டிகை நாளில் டிக்கெட் இல்லை. அவரை விட்டுவிட்டு நான் அன்று இரவே திரும்பியாக வேண்டும், 26-ஆம் தேதி எனக்கு வேலை. மறுநாள் பின்னேரம் அவரைத் திரும்பக் கொண்டுவந்து விடுவது உன் பொறுப்பு. ஈப்போவிலிருந்து செம்மோர் உனக்குப் பக்கம்தானே. கல்யாணத்தில் "எனக்கு என்ன வேலை கொடுத்தாலும் செய்வேன்டா" என்று மண்டபமே கேட்கும்படி சொன்னாய், இதோ கொடுக்கிறேன்.

கூட்டத்தில் இதைச் சொன்னதும் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு மணியக்கா, அவர் இல்லாத அந்த ஒரு நாள் கோயில் அலுவலகத்தில் தான் உட்கார்ந்து போன் எடுப்பதாகச் சொன்னார். அவசரத்துக்குப் பக்கத்துப் பங்குச் சாமியாரிடம் மைக் மாமா பேசுகிறார். பாத்திரம் கேட்ட அதே மனிதர்தான்! பெட்ரோல், டோல் காசு அன்பியத்தில் பிரித்துக்கொள்வார்கள், உனக்கு ஆகும் செலவும் அதில் சேர்த்தி. சாமியாரிடம் இன்னும் சொல்லவில்லை. முன்னாலேயே சொன்னால் வேண்டாம் என்பார். உன் பதில் வந்ததும் இரண்டு பேர் போய்ச் சொல்லப் போகிறோம்.

வரும் ஞாயிறு மறுபடியும் கூட்டம். அதற்கு முன்னால் முடியுமா முடியாதா என்று சொல்லிவிடு. முடியாவிட்டால் நான் விடுப்புப் போட்டுவிட்டு அங்கேயே தங்கிவிடுகிறேன், அதற்கும் நாள் வேண்டும். உன் காரின் பின்சக்கரம் போன தடவையே வழவழவென்று இருந்தது. மாற்றிவிட்டு வா.

அன்புடன்,
ஆரோக்கியம்