புகார்: 8 பவுண்டு உபரித் துப்பாக்கிப் பவுடர், ஒரே ஜாடியில் இரண்டு லேபிள்

வணக்கம்.

இது நான் எழுதும் நான்காவது கடிதம். முந்தைய மூன்றுக்கும் "தொடர்பு கொண்டதற்கு நன்றி" என்ற ஒரே பதில்தான் வந்தது. எனக்கு வேண்டியது உங்களிடம் வாங்கிய பவுடர் லாட்டின் (ஒரே முறை தயாரித்த தொகுதியின்) சோதனை அறிக்கை.

அந்த ராணுவ உபரி டபிள்யூசி 844 பவுடர் ஜாடியில் "எச் 335 அளவையே போடலாம்" என்று, அதாவது கடையில் விற்கும் எச் 335 பவுடரின் அளவே இதற்கும் பொருந்தும் என்று, அச்சடித்திருக்கிறீர்கள். அதை நம்பி, வழக்கம்போல தோட்டா நிரப்பும் அளவுப் புத்தகத்தின் தொடக்க (மிகக் குறைந்த) அளவில்தான் என் .223 ரைபிள் தோட்டாக்களை நிரப்பினேன். மூன்றாவது தோட்டாவுக்கே ரைபிளின் போல்ட்டை (பின்பக்க அடைப்பை) தூக்க உள்ளங்கையால் தட்ட வேண்டியிருந்தது, பிரைமர் (தோட்டாவின் அடியில் பவுடரைப் பற்றவைக்கும் சிறு மூடி) தட்டையாகிவிட்டது, குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃப் புத்தகத்தின் உச்ச வேகத்தையும் தாண்டிக் காட்டியது. எல்லாமே அழுத்தம் மீறியதன் அடையாளம், அத்தோடு நிறுத்திவிட்டேன்.

ராணுவத் தொழிற்சாலையில் ஒவ்வொரு லாட்டையும் சோதித்து, அதற்கேற்பத் தோட்டாவுக்கு எத்தனை கிரெய்ன் (சிறு எடை அளவு) பவுடர் என்று மாற்றிக்கொள்வார்கள், ஆகவே லாட்டுக்கு லாட் வித்தியாசம் இருந்தாலும் அவர்களுக்குப் பிரச்சினை இல்லை. கடைக்கு வரும் எச் 335 அப்படியில்லை, அச்சிட்ட அளவு எல்லா டப்பாவுக்கும் பொருந்தும்படி கலந்து சரிசெய்துதான் அனுப்புவார்கள். பவுடர் விற்கும் உங்களுக்கு இது தெரியாதா? உபரி என்றாலே மட்டம் என்று நான் சொல்லவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பவுடர் வியாபாரி புரூஸ் ஹாட்ஜ்டன் விற்ற 4831 பவுடரும் உபரிதான்.

கூரியரில் திருப்பி எடுக்க மாட்டோம் என்றீர்கள், சரி, சனிக்கிழமை 140 மைல் ஓட்டி உங்கள் கிடங்குக்கே கொண்டுவந்தேன். கவுன்ட்டரில் இருந்தவர் தலையைக்கூட நிமிர்த்தாமல், "பவுடர்னா பவுடர்தான், பயமா இருந்தா கடைத் தோட்டா வாங்கிச் சுடுங்க" என்றார். என் முகத்துக்கு அரை அடி முன்னால் வெடிக்கிற பொருள் அது! பின்னால் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். அந்த வார்த்தையை என்னால் மறக்க முடியவில்லை.

சொல்ல விட்டுப்போனது, வீட்டுக்கு வந்து லேபிளின் ஓரத்தை உரித்தால் அடியில் இன்னொரு லேபிள், வேறு லாட் எண், "பழைய தோட்டாக்களிலிருந்து பிரித்தெடுத்தது" என்ற வரி. புதுசு என்றல்லவா விற்றீர்கள்? எத்தனை லாட் கலந்ததோ. ஹஸ்மட் (அபாயப் பொருள் அனுப்பும்) கட்டணம் தனி, இந்த வேட்டை சீசனே போயிற்று, இனி அந்த ரைபிளை நம்பிக் கையில் எடுக்கவும் முடியாது.

தயவுசெய்து வரும் வெள்ளிக்குள் முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுங்கள், அதே லாட் வாங்கிய மற்றவர்களுக்கும் எச்சரிக்கை அனுப்புங்கள். இல்லையென்றால் கார்டு நிறுவனத்திடம் பணத்தை நிறுத்தச் சொல்வேன், மாநில அட்டர்னி ஜெனரலின் நுகர்வோர் பிரிவுக்கும் இரண்டு லேபிள்களின் படத்தோடு எழுதுவேன். ஜாடி மூடியபடி என் கராஜில் இருக்கிறது, ஆளை அனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.