அப்பாவின் டப்பாவில் மிச்சமிருந்தது

செயிண்ட் லூயிஸ்
அக்டோபர் 12

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து மூன்று மாதம் ஆகப்போகிறது. பதில் போடாததற்குக் காரணம் உண்டு, கீழே வரும். திட்டியதையெல்லாம் வாங்கிக்கொண்டேன். இங்கே எல்லோரும் நலம். பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள், வீட்டில் ஒரு சாமானும் இருந்த இடத்தில் இல்லை. தங்கச்சிக்கு முட்டி வலி தேவலையா? கொட்டாப்புளி வீட்டுக் கல்யாணத்தில் என் பெயரிலும் மொய் எழுதினாயா? அந்த மூன்றாவது தேங்காயை நீ இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை, நான் மறக்கவும் இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அப்பாவின் பைப் புகையிலைக் கலவையைக் கண்டுபிடித்துவிட்டேன்.

அப்பாவின் சாமான்களைப் பிரித்தபோது பைப்பையும் அந்த நசுங்கிய டப்பாவையும் என் கையில் கொடுத்து, "நீதானடா பக்கத்திலேயே உட்கார்ந்து மோந்துகிட்டிருப்பே" என்றாய். டப்பாவின் அடியில் ஒரு கைப்பிடிகூட இல்லை, பாதி தூள். வால்பாறை வீட்டு வராந்தா, மழை, அம்மா "அந்தச் சுங்கானை வெளியே கொண்டுபோங்க" என்று உள்ளேயிருந்து கத்துவது, எல்லாமே அந்த மூடியைத் திறந்தால் வரும். நாளுக்கு நாள் வாசனை குறைந்துகொண்டே போனது. அதனால்தான் இறங்கினேன்.

இந்த ஊரில் கலப்பதற்கென்றே தனித்தனி இலை எடை போட்டு விற்கிறார்கள். கறுப்பாக இருந்தது லடாகியா என்று முதல் நாளே தெரிந்துவிட்டது. சிரியாவின் துறைமுகத்துப் பெயர் அது, இப்போது பெரும்பாலும் சைப்ரஸிலிருந்து வருகிறது. விறகுப் புகையில் தொங்கவிட்டே பதப்படுத்துவார்கள். மோந்தால் நம் பழைய சமையலறைப் பரண், கொஞ்சம் தோல் செருப்பு, கொஞ்சம் சாம்பிராணி. ஆரஞ்சு மஞ்சளாக நீள நீளமாக இருந்தது வர்ஜீனியா. சூட்டுக் கொட்டகையில் உலர்த்துவது, சர்க்கரைச் சத்து அதிகம், காய்ந்த வைக்கோல் வாசனை. பொடிப்பொடியாகப் பச்சை கலந்த மஞ்சளில் இருந்தது துருக்கி, கிரீஸ் பக்கத்துச் சிற்றிலை. வெயிலில் காய்ந்தது, லேசான புளிப்பு. இந்த மூன்றும்தான் பழைய ஆங்கிலேயக் கலவைகளின் அடிப்படை, துரைமார் டின்களில் வந்ததும் இதுதான்.

நான்காவதாக ஒன்று இருந்தது, பழுப்பு நிறத்தில். அதைத்தான் ஒரு வருஷமாகப் பர்லி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பர்லி காற்றில் நிழலில் உலர்த்தும் இலை, சர்க்கரை அநேகமாகக் கிடையாது, வறுத்த வேர்க்கடலை வாசனை அடிக்கும். ஒவ்வொரு தடவையும் பத்து கிராம் கலப்பேன். சமையலறைத் தராசு போதாது என்று நகை நிறுக்கும் சின்னத் தராசு வாங்கினேன். ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு, சீட்டு ஒட்டி, இரண்டு வாரம் மூடி வைப்பேன். கலந்த அன்றே மோந்தால் நாலு பேர் நாலு மூலையில் நிற்பதுபோல இருக்கும், இரண்டு வாரத்தில்தான் ஒன்றோடொன்று சேரும். எட்டு பாட்டில் ஆயிற்று. லூசியானாவில் செயிண்ட் ஜேம்ஸ் என்ற பகுதியில் பெரீக் என்று ஒன்று செய்கிறார்கள். பீப்பாயில் அழுத்தி மாதக்கணக்கில் புளிக்க வைத்தது, ஊறிய பழ வாசனை. அதையும் ஒரு சிட்டிகை போட்டுப் பார்த்தேன். எல்லாம் நன்றாகத்தான் இருந்தது, அப்பாவாக இல்லை.

ஆகஸ்டில் ஒரு ராத்திரி டப்பாவில் மிச்சமிருந்ததை வெள்ளைத் தாளில் கொட்டி, பேத்தியின் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். மற்ற இழைகள் எல்லாம் ஒரே அகலம், இயந்திரம் வெட்டியது. இந்தப் பழுப்பு மட்டும் ஒன்று பட்டை, ஒன்று நூல், ஒன்றில் நரம்பு அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. கையால் வெட்டியது, சேகர். அரிவாள்மனையில். ஒரு துணுக்கை விரலில் நசுக்கினேன், திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கிவிட்டேன். சுருட்டு வாசனை.

வேடசந்தூர் இலை அது! உன் மாமாவின் காட்டிலிருந்து வருஷத்துக்கு ஒரு தடவை மஞ்சள் பையில் வருமே, அம்மாவுக்கு வெற்றிலைக்கு என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தது. துரை ஊருக்குப் போன பிறகு டின் கிடைப்பது குதிரைக் கொம்பு. கிடைத்ததை நீட்டிப்பதற்காக நம் ஊர் இலையை நறுக்கிப் போட்டிருக்கிறார். 1948-லிருந்து புகையிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கும் ஊர், அந்த மண்ணின் இலை சுருட்டுக்கும் வாயில் போடுவதற்கும்தான் பேர்பெற்றது. அதை லடாகியாவோடு சேர்க்கலாம் என்று எஞ்சின் ரூமில் வேலை பார்த்த மனிதருக்குத் தோன்றியிருக்கிறது பார். பத்தில் ஒரு பங்கு, அதற்கு மேல் போனால் மற்றதையெல்லாம் அமுக்கிவிடும். அவர் அளவு தெரிந்தவர்.

இங்கே கிடைக்கிற சுருட்டு இலையை வைத்து ஒன்பதாவது பாட்டில் போட்டேன். வர்ஜீனியா நான்கு பங்கு, லடாகியா மூன்று, சிற்றிலை இரண்டு, சுருட்டு இலை ஒன்று. இரண்டு வாரம் கழித்துத் திறந்தபோது நான் கொஞ்ச நேரம் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

இனி உன் கடிதம். "நானும் பைப் பிடிக்கப் போகிறேன், எப்படித் தொடங்குவது, எழுது" என்று கேட்டிருக்கிறாய். இந்த ஒரு வரிக்குத்தான் மூன்று மாதமாகப் பேனா ஓடவில்லை.

எப்படி என்பது உனக்கே தெரியும், நாம் இருவரும் எத்தனை நாள் பார்த்திருக்கிறோம்! மூன்று சிட்டிகை. முதலாவது குழந்தை கையால் அழுத்துவதுபோல, இரண்டாவது பெண் கை, மூன்றாவது ஆண் கை. தீக்குச்சியை வட்டமாகச் சுற்றுவார், இலை பொங்கி எழும்பும், அந்த மழுங்கிய போல்ட்டால் மெல்ல அமுக்கிவிட்டு இரண்டாவது குச்சி. அப்புறம் சூடான காபியை உறிஞ்சுவதுபோலச் சின்னச் சின்னதாக இழுப்பார். அவசரப்பட்டு இழுத்தால் நாக்கு வெந்துபோகும், வர்ஜீனியா கூடுதலாக இருந்தால் இன்னும் மோசம். ஒரு மணி நேரத்தில் மூன்று தடவை அணையும், அவர் பாட்டுக்குத் திரும்பப் பற்றவைப்பார். சூடாக இருக்கும்போது நாம் தண்டைக் கழற்றப் போய் அடி வாங்கியது ஞாபகம் இருக்கிறதா? அடித்தது சரிதான், சூட்டில் கழற்றினால் பொருத்து தளர்ந்துவிடும்.

எதை வாங்குவது என்றால், இங்கிருந்து ஒரு மணி நேரத்தில் வாஷிங்டன் என்று ஒரு சின்ன ஊர், தலைநகரம் இல்லை, மிசௌரி ஆற்றங்கரை. 1869-லிருந்து மக்காச்சோளக் கதிரில், அதாவது மணி உதிர்த்த சக்கையில், பைப் செய்கிறார்கள். சக்கையை இரண்டு வருஷம் காயவைத்துக் கடைகிறார்கள். நேரில் போய்ப் பார்த்தேன். விலை மலிவு, லேசானது, ஈரத்தைத் தானே உறிஞ்சிக்கொள்ளும். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு எல்லோரும் சொல்வது இதைத்தான்.

ஆனால் உனக்கு நான் வாங்கவில்லை. அங்கே நின்று ஒன்றைக் கையில் எடுத்துவிட்டுத் திரும்ப வைத்துவிட்டேன்.

ஜூலையில் பல் டாக்டரிடம் போயிருந்தேன். இடது கன்னத்து உள்பக்கம், பைப்பைக் கடிக்கும் இடத்தில், வெள்ளைப் படை. துளி சதை எடுத்து அனுப்பினார்கள். முடிவு வரும்வரை பதினோரு நாள், வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை, உன்னிடமும் சொல்லவில்லை. புற்று இல்லை. ஆனால் குழாயை விட்டுவிடு, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை காட்டு என்றார்கள். அன்றோடு விட்டேன். ஒன்பதாவது பாட்டிலை நான் பற்றவைக்கவே இல்லை.

உள்ளே இழுக்கவில்லையே, சிகரெட் மாதிரி இல்லையே என்றுதான் நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். வாய்த்தோல் வழியாகவே நிக்கோட்டின் ஏறும். பைப்புக்கும் உதட்டுப் புற்றுக்கும் தொடர்பு இருக்கிறது என்று 1964-லேயே அமெரிக்க அரசின் மருத்துவ அறிக்கை சொல்லிவிட்டது. அப்பா 81 வயசு வரை இருந்தாரே என்று ஆரம்பிக்காதே. கடைசி ஆறு வருஷம் நாலு படி ஏறினால் உட்கார்ந்துவிடுவார், கையைப் பிடித்து ஏற்றியவன் நீ. உனக்குச் சர்க்கரை வேறு. ஐம்பத்தெட்டு வயசு வரை ஒரு பீடி தொடாதவன் இப்போது தொடங்காதே. கோபம் வந்தால் வரட்டும், போன் செய்து கத்து, கேட்டுக்கொள்கிறேன்.

உனக்கு வேண்டியது புகை இல்லை, அந்த வாசனைதான் என்று நினைக்கிறேன். போன வாரம் தோட்டத்தில் தூபக்காலில் கரி மூட்டி, சாம்பிராணி போடுவதுபோல ஒரு சிட்டிகை போட்டு, எட்டி நின்று பார்த்தேன். வராந்தா வந்தது. தையில் அப்பா திதிக்கு வருகிறேன், பைப்பையும் கொண்டுவந்து உன்னிடமே கொடுத்துவிடுகிறேன். முற்றத்தில், பிள்ளைகள் இல்லாத நேரம், ஒரே ஒரு சிட்டிகை போடுவோம். அம்மா இருந்திருந்தால் அதையும் வெளியே கொண்டுபோகச் சொல்லியிருப்பாள்.

ஒரு வேலை. மாமா வீட்டில் இன்னும் புகையிலை போடுகிறார்களா என்று விசாரி. போட்டால், நடு இலையாகப் பார்த்து, நன்றாகப் பதமானது கால் கிலோ வாங்கி, காற்றுப் புகாமல் கட்டி வை. பாணி, அதாவது இனிப்புப் பாகு, எதுவும் சேர்த்திருக்கக் கூடாது, வெறும் இலை. நறுக்க வேண்டாம். அரிவாள்மனையை மட்டும் அம்மாவுடையதையே எடுத்து வை.

அன்புடன்,
ராமு