அந்த மரவீடு அடுக்கிய கட்டைகள் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறையில் பிள்ளைகளை எங்கே கூட்டிப் போகலாம் என்று சென்ற வாரம் உங்கள் பத்திரிகையில் ஒரு கட்டுரை வந்திருந்தது. இங்கே ரொறன்ரோவில், தொம்சன் நினைவுப் பூங்காவில் உள்ள ஸ்காபரோ அருங்காட்சியகத்தையும் அதில் சேர்த்திருந்தீர்கள். அதற்கு நன்றி. ஆனால் அங்கே நிற்கும், பழைய குடியேறிகள் காலத்து மக்கோவன் மரவீட்டைக் கட்டுரையாளர் "காட்டில் கிடந்த கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய எளிய குடிசை" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அந்த வரிக்கு மறுப்பாகத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் யாழ்ப்பாணத்தில் சுன்னாகத்துத் தச்சர் ஒருவரின் மகன். 1989 இல் கனடா வந்து, 28 வருடம் குசினி அலுமாரி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் நின்று ஓய்வு பெற்றவன். ஓய்வு பெற்ற பிறகு, ஒன்ராறியோவில் ஹலிபேட்டன் பக்கம் நண்பர் ஒருவரின் காணியில் ஐந்து பேர் சேர்ந்து ஒரு மரவீடு கட்டினோம். மின்சாரம் இல்லை, பெற்றோல் வாள் இல்லை. இங்கே முதலில் குடியேறியவர்களிடம் இருந்த கைக்கருவிகள் மட்டும்தான். நீளம் 16 அடி, அகலம் 12 அடி. இவ்வளவு சின்ன வீட்டுக்கு மூன்று வருடம் எடுத்தது.

மரத்தைத் தை, மாசியில் தறித்தோம். பனி முழங்காலளவு கிடக்கும் அந்த நாட்களில் பூச்சியும் பூஞ்சணமும் அடங்கியிருக்கும். தறித்த குற்றியைப் பனியின்மேல் வழுக்கவிட்டு இழுத்துவரவும் முடியும். 12 அங்குல விட்டத்தில் 16 அடி நீளமான பச்சைப் பைன் குற்றி 200 கிலோ வரும். வெறும் நிலத்தில் அதை ஐந்து பேர் இழுத்துப் பார்த்தால்தான் பனியின் அருமை தெரியும். சுவருக்கு வெள்ளைப் பைன், அடிவரிசை மரங்கள் நான்குக்கும் வெள்ளைச் சீடர். அடிமரம் கல்லின்மேல் கிடந்து மழைத்தெறிப்பு வாங்கும் மரம். சீடர் இலகுவில் உக்காது.

முதல் வருடம் ஒரு குற்றியைப் பட்டை உரிக்காமல் கோடைவரை விட்டுவிட்டோம். ஆடி மாதம் ஒரு மாலை அதன்மேல் இருந்து தேநீர் குடிக்கும்போது உள்ளிருந்து கறுக், கறுக் என்று சத்தம் வந்தது. பட்டைக்கு அடியில் வண்டின் புழுக்கள் மரத்தை அரித்துக்கொண்டிருந்தன. காதை வைக்கத் தேவையில்லை, இரண்டு அடி தள்ளி நின்றாலே கேட்டது. பட்டையை உரித்தபோது மரம் நீலம் பாரித்தும் இருந்தது. அந்தக் குற்றி அடுப்புக்குத்தான் உதவியது.

இனி, கட்டுரையாளர் பார்க்காமல் விட்ட வேலைக்கு வருகிறேன்.

பழைய மரவீடுகளின் சுவரில் உருண்டைக் குற்றியும் உண்டு, இரு பக்கமும் செதுக்கித் தட்டையாக்கிய மரமும் உண்டு. செதுக்குவது இப்படி: குற்றியைக் குறுக்கே போட்ட இரண்டு கட்டைகளின்மேல் ஏற்றி, இரு நுனியும் வளைந்து கூரான இரும்புக் கொழுவிகளை அடித்து அசையாமல் நிறுத்த வேண்டும். இரண்டு அந்தத்திலும் தூக்குக்குண்டு பிடித்து, 6 அங்குல இடைவெளியில் இரண்டு நிலைக்குத்துக் கோடு. பிறகு ஒரு அந்தத்திலிருந்து மற்ற அந்தம்வரை கரி தடவிய நூலை இழுத்துப் பிடித்து, நடுவில் தூக்கி ஒரு சுண்டு. மரம் எவ்வளவு கோணலாக இருந்தாலும் அந்தக் கோடு நேராக விழும். என் தகப்பனார் சிரட்டைக் கரியில் அடித்த நூலும் அதே நூல்தான். எட்டாயிரம் மைலுக்கும் மேல் தள்ளி அதே சத்தத்தைக் கேட்டபோது எனக்குச் சில நிமிடம் வேலை ஓடவில்லை.

கோடு விழுந்ததும் குற்றியின்மேல் ஏறி நின்று, சாதாரணக் கோடாலியால் ஒன்றரை அடிக்கு ஒரு வெட்டாக, நூலைத் தொடும் ஆழத்துக்குக் கொத்திக்கொண்டு போக வேண்டும். இரண்டு வெட்டுக்கு நடுவில் உள்ள மரத்தைப் பக்கவாட்டில் அடித்தால் சிராய் சிராயாகக் கழன்று விழும். அதன் பிறகுதான் அகலக் கோடாலியைக் கையில் எடுப்பது. அதன் வாய் 10, 12 அங்குலம் இருக்கும். உளியைப் போல ஒரு பக்கம் மட்டும் சாய்வாகச் சாணை பிடித்தது. மற்றப் பக்கம் தட்டை. அந்தத் தட்டைப் பக்கம் மரத்தோடு ஒட்டி நிற்க, மேலிருந்து கீழாகச் சீவிக்கொண்டே போக வேண்டும். பிடியை நேராகப் போடமாட்டார்கள், வெளிப்பக்கம் வளைத்திருப்பார்கள். நேராக இருந்தால் விரல் மொழிகள் மரத்தில் உரசித் தோல் போய்விடும்.

"நூலைத் திண்டிடாதை. பாதி நூல் மரத்தில நிக்கோணும்" என்று அப்பா சொல்லுவார். அகலக் கோடாலிக்கும் அதுதான் கணக்கு. முதல் குற்றியின் இரண்டு முகத்தையும் செதுக்க எனக்கு ஒன்றரை நாள் எடுத்தது. கடைசிக் குற்றிகளை அரை நாளில் முடித்தேன். நன்றாகச் செதுக்கிய முகத்தில் உள்ளங்கையை வைத்துத் தடவினால் சீவுளி போட்டதோ என்று சந்தேகம் வரும். முதலில் கொத்திய வெட்டுகளின் தடம் மட்டும் அங்கங்கே மெல்லிய கீறலாகத் தெரியும். அந்தக் கீறலைப் பார்த்துத்தான் பலர் "கொத்திப்போட்ட வேலை" என்கிறார்கள். ஒரு மனிதன் நூலுக்கு எவ்வளவு கிட்டப் போய் நிறுத்தினான் என்பதற்கு அந்தத் தடம்தான் சாட்சி.

அடுத்தது மூலை. ஒரு சுவருக்கு எட்டு வரிசை, நான்கு சுவருக்கும் 32 குற்றி, வெட்ட வேண்டிய நுனிகள் 64. நாங்கள் வெட்டியது புறாவின் வால்போல் விரிந்த பொருத்து. அதன் முகம் சரிவாக இருக்கும். மழைநீர் மூலைக்குள் தேங்காமல் வெளிப்பக்கம் வழியும். மேலே பாரம் ஏற ஏற இரண்டு மரமும் ஒன்றையொன்று இன்னும் இறுக்கிப் பிடிக்கும், வெளியே தள்ளாது. ஒரு ஆணி கிடையாது. ஒவ்வொரு நுனியும் தனக்குக் கீழே கிடக்கும் மரத்துக்கென்றே அளந்து வெட்டியது, வேறெங்கும் பொருந்தாது. அதனால்தான் இப்படிப்பட்ட வீடுகளைப் பெயர்க்கும்போது ஒவ்வொரு மரத்துக்கும் இலக்கமிட்டுக் கழற்றுவார்கள். கண்காட்சித் திடலில் நிற்கும் ஸ்காடிங் மரவீடு 1794 இல் டொன் ஆற்றின் கிழக்குக் கரையில் கட்டப்பட்டது. 1879 இல் அதைப் பெயர்த்து இப்போதைய இடத்தில் நிறுத்தினார்கள். ரொறன்ரோவில் எஞ்சியிருக்கும் வீடுகளில் மிகப் பழையது அது. மக்கோவன் வீடும் வேறிடத்திலிருந்து பூங்காவுக்கு வந்ததுதான். வெறுமனே அடுக்கிய கட்டை என்றால் ஒருமுறை கழற்றியதும் விறகாகத்தான் போயிருக்கும்.

நான்கு வரிசை வரை ஐந்து பேரால் தூக்க முடிந்தது. அதற்குமேல் சுவரில் இரண்டு நீண்ட கம்பங்களைச் சாய்த்து, கயிறு போட்டுக் குற்றியை உருட்டி ஏற்றினோம். கடைசி இரண்டு வரிசைக்கு எங்கள் பலம் போதவில்லை. அயல் காணிக்காரர் ஆறு பேர் சொல்லாமலே வந்து கயிறு பிடித்தார்கள். அந்தக் காலத்தில் இங்கே வீடு எழுப்ப அயலவர் கூடும் நாளுக்கு, தேனீயைக் குறிக்கும் அதே ஆங்கிலச் சொல்தான் பெயராக இருந்தது. வீட்டுக்காரர் சாப்பாடு போட வேண்டும். ஊரில் வீடு வேயும் நாளில் ஓலை எடுத்துக் கொடுக்க ஒழுங்கையே திரண்டு வந்ததை நினைத்துக்கொண்டேன். நாங்களும் அன்று சோறும் ஆட்டிறைச்சிக் கறியும் சமைத்துப் போட்டோம். உறைப்பைக் கொஞ்சம் குறைத்துத்தான்.

மற்றவை சுருக்கமாக. கூரைக்குச் சீடரை இரண்டடித் துண்டுகளாக அறுத்து, கொட்டாப்புளியால் கத்தியைத் தட்டிப் பிளந்து பலகை எடுத்தோம். ஆணி அடித்தது அங்கே மட்டும்தான். சுவர் இடுக்குகளுக்குக் களிமண்ணும் சுண்ணாம்பும் வைக்கோலும் குழைத்து அப்பினோம். பச்சை மரம் காயும்போது நீளத்தில் குறையாது, பருமனில் குறையும். எட்டு வரிசையும் சேர்ந்து இறங்கும். அதனால் கதவு நிலைக்கு மேலே மூன்று விரற்கடை இடம் விட்டோம். விடாவிட்டால் முழுச் சுவரும் நிலையின்மேல் குந்திக் கதவு இறுகிவிடும்.

கட்டுரையாளர் சொன்னதில் ஒரு பாதி உண்மையையும் நான் ஒப்புக்கொள்ள வேண்டும். குடியேறியவர்கள் வந்த முதல் வருடம், குளிருக்கு முன் ஒதுங்க, பட்டையும் உரிக்காத உருண்டைக் குற்றிகளை அவசரமாக அடுக்கிக் கொட்டில் போட்டதுண்டு. இன்றைய ஒன்ராறியோவான மேல் கனடாவில் அரச காணி பெற்றவர் 5 ஏக்கர் காடு வெட்டி, 16 அடிக்கு 20 அடியில் ஒரு வீடும் கட்டினால்தான் காணி உறுதி கைக்கு வரும் என்ற விதி இருந்தது. அவசரத்துக்குக் காரணம் இருந்தது. ஆனால் தலைமுறைகள் கடந்து இன்றும் நிற்பவை அந்தக் கொட்டில்கள் அல்ல. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அத்துடன் "வெள்ளையரின் வித்தை" என்றும் ஒரு சொல் கட்டுரையில் இருந்தது. ஆங்கிலேயர் இந்தக் கண்டத்துக்கு வந்தபோது அவர்களுக்குக் குற்றியில் வீடு கட்டத் தெரியாது, அவர்கள் ஊரில் அந்த வழக்கம் இல்லை. 1638 இல் டெலவெயர் ஆற்றங்கரையில் தொடங்கிய சுவீடன் குடியேற்றத்தில் சுவீடன்காரரும் பின்லாந்துக்காரரும் கொண்டுவந்து இறக்கிய தொழில் இது. பிறகு ஜேர்மன்காரரும் தங்கள் முறையைக் கொண்டுவந்தார்கள். மற்றவர்கள் அயலவரைப் பார்த்துப் பழகினார்கள். பெட்டியில் இடமில்லாமல் கையில் மட்டும் தொழிலைக் கொண்டுவந்தவர்கள் என்றால் யார் என்று எங்கள் வாசகருக்கு நான் விளக்கத் தேவையில்லை.

அதே கட்டுரையில் வந்த "யாருமில்லாத காடு" என்பது மூன்றாவது பிழை, எல்லாவற்றிலும் பெரியதும் அதுதான். ஸ்காபரோவும் ஹலிபேட்டனும் அனிசினாபே என்ற முதற்குடி மக்களின் நிலம். 1923 இல் அரசுடன் கையெழுத்தான வில்லியம்ஸ் உடன்படிக்கைகளில் அவர்களின் வேட்டை, மீன்பிடி உரிமைகள்கூடப் பறிபோயின. 2018 இல்தான் ஏழு முதற்குடிச் சமூகங்களுடன் தீர்வு எட்டப்பட்டு, கனடா, ஒன்ராறியோ ஆகிய இரண்டு அரசாங்கங்களும் மன்னிப்புக் கேட்டன. ஒரு குற்றியைத் தறிக்கும்போது அந்த மரம் யாருடைய காட்டில் நின்றது என்பதும் எனக்கு நினைவுக்கு வரும். சொந்தக் காணிக்குள் போக முடியாமல் வருடக்கணக்காகக் காத்திருந்தவர்கள் வாசிக்கும் பத்திரிகையில் இப்படி ஒரு சொல் வந்திருக்கக் கூடாது.

ஒரு விடயம் சொல்லி முடிக்கிறேன். 1995 ஒக்ரோபரில் போரால் யாழ்ப்பாணத்து வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது, அப்பா தன் கருவிப்பெட்டியை விட்டுவிட்டு, மரத்தைக் கொத்திச் சமப்படுத்தும் வாய்ச்சியின் இரும்பை மட்டும் சாக்கில் சுற்றிக்கொண்டு சாவகச்சேரி நோக்கி நடந்தார். பனை பிளந்து கூரைக்குச் சிலாகை எடுத்த பிறகு அதைச் சீர்பண்ண அவர் வைத்திருந்த வாய்ச்சி அது. அப்பா காலமான பிறகு தங்கை அதை எனக்கு அனுப்பிவைத்தாள். எங்கள் மரவீட்டின் தரை, குற்றியை நடுவால் பிளந்து தட்டைப் பக்கம் மேலே தெரியப் பதித்தது. அந்தத் தரையைச் சமப்படுத்த இங்கேயும் வாய்ச்சிதான் வேண்டும். கனடாவில் விற்கும் வாய்ச்சியின் பிடி நீளம், நின்றுகொண்டு காலுக்கிடையில் கொத்துவது. அப்பாவுடையது கட்டைப் பிடி, குந்தியிருந்து கொத்துவது. மேப்பிளில் புதுப் பிடி போட்டு, பதினாறு அடித் தரையையும் குந்தியிருந்தே கொத்தி முடித்தேன். என்னுடன் வேலை செய்த ஒன்ராறியோக்காரர் ஒருவர் பார்த்துவிட்டு, தன் வாய்ச்சியைச் சுவரில் சாத்திவிட்டு, என் பக்கத்தில் வந்து குந்தினார். வாய்ச்சியைப் பிடிக்க வேண்டிய கோணத்தை அவருக்குக் காட்டினேன்.

ஆசிரியர் அவர்களே, அந்த ஒரு வரியையும் அந்த இரண்டு சொற்களையும் அடுத்த இதழில் திருத்திப் போடுங்கள். ஸ்காபரோவில் வாய்ச்சி பிடித்த, பனை பிளந்த கைகளோடு எத்தனையோ பெரியவர்கள் மாடி வீடுகளில் தனியே இருக்கிறார்கள். பிள்ளைகளைப் பிறிம்லி வீதிப் பூங்காவுக்குக் கூட்டிப் போகிறவர்கள் அவர்களையும் காரில் ஏற்றிக்கொண்டு போங்கள். மரவீட்டின் முன்வாசலில் நின்று படம் எடுத்துவிட்டுத் திரும்பாமல், பக்கவாட்டில் போய் மூலையைக் காட்டி, இது எப்படிப் பொருந்தியிருக்கிறது என்று அவர்களையே கேளுங்கள். பிள்ளைகளுக்கு அவர்கள் சொல்லட்டும்.

இப்படிக்கு,
சுன்னாகத்துத் தச்சர் ஒருவரின் மகன்,
ஸ்காபரோ