மதிலுக்கு வெளியே இருப்பவர்கள் வீண் செலவா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவின் ரசாயன ஆயுத ஒழிப்பு பற்றிச் சென்ற ஞாயிறு இணைப்பில் தாங்கள் வெளியிட்ட கட்டுரையை முழுவதும் படித்தேன். 1994-க்குள் முடிக்க வேண்டும் என்று 1985-இல் சட்டம் போட்ட வேலை, 2023 ஜூலை 7 அன்று கென்டக்கியின் புளூ கிராஸ் படைக்கிடங்கில் சாரின் என்ற நரம்பு நச்சு நிரப்பிய கடைசி ராக்கெட் அழிக்கப்பட்டபோதுதான் முடிந்தது என்பதும், செலவு ஏறத்தாழ 4,000 கோடி டாலர் என்பதும் அதில் சரியாகவே இருந்தன. ஆனால் தாமதத்துக்கும் செலவுக்கும் சுற்றுவட்டார மக்களின் வீண் அச்சமே காரணம் என்று கட்டுரையாளர் போகிற போக்கில் எழுதியிருக்கிறார். கடலூர் சிப்காட் ரசாயனத் தொழிற்பேட்டையின் மதிலை ஒட்டிக் குடியிருக்கும் எனக்கு இது புதிய செய்தி அல்ல. எங்களைப் பற்றி அதிகாரிகள் சொல்லிவந்ததை இப்போது அமெரிக்கர்களைப் பற்றித் தங்கள் கட்டுரையாளர் சொல்கிறார், அவ்வளவுதான்.

கென்டக்கி மக்கள் ஆயுதங்களை அழிக்க வேண்டாம் என்று ஒருபோதும் சொல்லவில்லை. 1984-இல் படைத்துறை அவற்றை அங்கேயே எரிக்கப்போவதாக அறிவித்தபோது, புகைபோக்கி வழியாக என்ன வெளியேறும், வேறு வழி உண்டா என்றுதான் கேட்டார்கள். அவர்களை ஒன்றுசேர்த்த கிரெய்க் வில்லியம்ஸ், வியட்நாம் போரிலிருந்து திரும்பி மரச்சாமான் செய்து பிழைத்தவர், விஞ்ஞானி அல்லர். அந்தக் கேள்வியின் விளைவாகவே 1996-இல் நாடாளுமன்றம் மாற்று வழிகளை ஆராயப் பணம் ஒதுக்கியது. முடிவில் கொலராடோவின் பியூப்லோ கிடங்கில் இருந்த கடுகு வாயு என்ற போர் நச்சை எரிக்காமல் வெந்நீரால் சிதைத்து, மிச்சத்தை நுண்ணுயிர்களைக் கொண்டு தின்னவைத்தார்கள்.

எரிக்கும் முறையையே கையாண்ட யூட்டாவின் டூவிலா கிடங்கில் 1996-இல் தொடங்கிய வேலை 2012-இல்தான் முடிந்தது. அங்கே யாருடைய அச்சம் தடுத்தது? பியூப்லோவுக்கும் புளூ கிராஸுக்கும் தர வேண்டிய நிதியைப் பாதுகாப்புத் துறையே சுருக்கி வேலையைத் தள்ளிப்போட்ட காலம் உண்டு. அப்போது பணத்தை விடுவியுங்கள் என்று குரல் கொடுத்தவர்கள், கட்டுரையாளர் குறைசொல்லும் அதே மக்கள்தான். அலபாமாவின் அன்னிஸ்டனில் எரியூட்டும் ஆலை இயங்கத் தொடங்குமுன், சுற்றியிருந்த வீடுகளுக்குப் பாதுகாப்பு முகமூடிகள் தந்தார்கள். நச்சுக்காற்று நுழையாதபடி பள்ளிக்கூடங்களில் உள்காற்றின் அழுத்தத்தைக் கூட்டிவைக்க ஏற்பாடு செய்தார்கள். இதையும் வீண் செலவுக் கணக்கில்தான் சேர்க்க வேண்டுமா?

நான் சிப்காட்டில் ஓர் ஆலையில் ஷிப்ட் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவன். வேலைக்குச் சேர்ந்தவுடன் எனக்குக் கற்றுத் தந்தது, சைரன் ஒலித்தால் கூரை மேல் காற்றின் திசை காட்டும் துணிப்பையைப் பார்த்துக் காற்றுக்குக் குறுக்காக ஓட வேண்டும் என்பது. மதிலுக்கு மறுபுறம், கூப்பிடு தூரத்தில் என் வீடு. அங்கே என் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் அதை யாரும் கற்றுத் தரவில்லை. ஓர் இரவு ஷிப்டில் வாயு கசிந்தபோது நாங்கள் முறைப்படி ஒதுங்கி நின்று ஆள் கணக்குக்குப் பெயர் கொடுத்தோம். வீட்டில் அவர்கள் ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு, ஈரத்துணியால் மூக்கைப் பொத்தியபடி விடியும்வரை உட்கார்ந்திருந்தார்கள். மறுநாள் விளக்கம் கேட்கப் போனவர்களிடம், பயப்படும்படி ஒன்றுமில்லை என்று மிக மரியாதையாகச் சொல்லி அனுப்பினார்கள்.

2004-இல் எங்கள் ஊர்க்காரர்கள் வாளியில் காற்றைப் பிடித்துப் பரிசோதனைக்கு அனுப்பியபோது கேலி செய்தவர்கள் உண்டு. பிறகு, இங்கே வசிப்போருக்குப் புற்றுநோய் வரும் வாய்ப்பு குறைந்தது 2,000 மடங்கு அதிகம் என்று தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனமான நீரியின் ஆய்வே சொன்ன செய்தி 2008-இல் வெளியானது. கேலி செய்தவர்களில் ஒருவரும் அதற்குப் பின் எங்கள் பக்கம் வரவில்லை. தங்கள் இதழிலும் எங்கள் கசிவுகளுக்கு ஒற்றைப் பத்திக்கு மேல் இடம் கிடைத்ததில்லை என்பது தாங்கள் அறியாததல்ல. இந்தியாவும் ஆயிரம் டன்னுக்கு மேல் கடுகு வாயுவை வைத்திருந்து 2009-இல் அழித்து முடித்த நாடுதான். அதற்கு என்ன செலவானது, சுற்றியிருந்தவர்களுக்கு என்ன சொல்லப்பட்டது என்று ஒரு கட்டுரை வந்திருந்தால் கென்டக்கிவரை போயிருக்கவே வேண்டாம்.

போர் வாயுவும் தொழிற்சாலை வாயுவும் ஒன்றா என்று தங்கள் கட்டுரையாளர் கேட்கக்கூடும். முதல் உலகப் போரில் ஆட்களைக் கொன்ற போஸ்ஜீன் இன்றும் பூச்சிக்கொல்லித் தொழிலின் மூலப்பொருள். போபாலில் கசிந்த மீத்தைல் ஐசோசயனேட்டும் அதிலிருந்து செய்யப்பட்டதே. வாயு சீருடை பார்த்துக் கொல்வதில்லை.

மக்களின் அச்சத்தைக் குறைசொல்லும் அந்த வாக்கியத்தைத் திருத்தி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். அத்துடன் ஒரு சிறு வேண்டுகோள். ஆலைக்கு வெளியே விபத்து பரவினால் செய்ய வேண்டியவற்றுக்கு மாவட்ட நிர்வாகம் திட்டம் வைத்திருக்க வேண்டும், விபத்து நேர்ந்தால் செய்ய வேண்டியதைச் சுற்றியுள்ள மக்களுக்கு ஆலைகள் தெரிவிக்க வேண்டும் என்று 1989-ஆம் ஆண்டின் அபாயகர ரசாயன விதிகள் சொல்கின்றன. அந்தத் திட்டத்தைக் கேட்டு வாங்கி, எந்த ஒலி கேட்டால் எப்பக்கம் போவது, எந்த எண்ணை அழைப்பது என்ற அளவிலாவது கடலூர் பக்கத்தில் தமிழில் வெளியிடுங்கள். விளம்பரங்கள் போக மிஞ்சும் கால் பக்கமே அதற்குப் போதும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
குடிகாடு, கடலூர்.