வடகடலில் என்னைக் காப்பாற்றியவர்களுக்கு

அன்புள்ள மண்டபம் வடகடற்கரைக்காரர்களுக்கு,

போன மார்கழியில் உங்கள் கரைக்கு எதிரே கவிழ்ந்து கிடந்த வெள்ளைப் பாய்ப்படகு என்னுடையதுதான். அன்று குளிரில் பல் தந்தியடித்ததால் ஒழுங்காக நன்றி சொல்ல வரவில்லை.

முதல் நன்றி டீக்கடை அண்ணனுக்கு. "வாடை அடிக்கிற காலத்துல வடகடல் ஆகாது தம்பி, தென்கடல் பக்கம் போங்க" என்று காலையிலேயே சொன்னீர்கள். நானோ செல்போனில் காற்று வரைபடத்தைக் காட்டி உங்களுக்கே பாடம் எடுத்தேன். மூன்று மாத வார இறுதி வகுப்பு தந்த தைரியம். பாயை இழுக்கும் கயிற்றுக்கு 'ஷீட்' என்று பெயர் என்பதுவரை தெரிந்தவன் அல்லவா!

படகைக் குறை சொல்ல மாட்டேன். நீளம் 4.23 மீட்டர், உடல் எடை 59 கிலோ. ஒலிம்பிக்கில் வேலூர்க்காரர் விஷ்ணு சரவணன் ஓட்டியதும் இதே வகைதான். அவருக்கு அடங்கியது எனக்கு அடங்கவில்லை. கவிழ்ந்தால், நடுவில் செருகியிருக்கும் டாகர்போர்டு பலகையின் மேல் ஏறி நின்று படகை நிமிர்த்த வேண்டும். அந்தப் பலகையை நான் கயிற்றால் கட்டவில்லை. படகு குப்புற விழுந்ததும் அது நழுவித் தன் வழியே போய்விட்டது. கடலோரக் காவல்படையின் மீட்பு எண் 1554 எனக்கு மனப்பாடம். செல்போன் தண்ணீர் புகாத பையில் பத்திரமாக இருந்தது. பை காரில் இருந்தது.

வலை பின்னிக்கொண்டிருந்த அண்ணே, நான் கத்திய கத்தலுக்கு நீங்கள் ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டீர்கள். அப்போது உங்களைத் திட்டினேன், மன்னியுங்கள். வாடை கரையைப் பார்த்துத்தான் அடிக்கும், சும்மா கிடந்தாலே வந்து சேர்ந்துவிடுவேன் என்பது உங்களுக்குத் தெரியும். கால் மணி நேரம் கழித்துத் தண்ணீருக்குள் நடந்து வந்தீர்கள். நடந்து! அதையாவது நான் கவனித்திருக்கலாம்.

"எந்திரிச்சு நில்லுங்க தம்பி" என்றீர்கள்.

நின்றேன். மார்பளவுத் தண்ணீர். மிதவைச் சட்டை என்னைத் தூக்கியே வைத்திருந்ததால் கால் தரையில் படவில்லை. பட்டதெல்லாம் கடற்புல். அதைப் பாம்பு என்று நினைத்து நான் போட்ட சத்தத்தை ஊருக்குள் சொல்லாததற்குத் தனி நன்றி.

சேற்றில் குத்தி நின்ற பாய்மரத்தை நாலு பேர் நாற்றுப் பிடுங்குவதுபோல் பிடுங்கினீர்கள். படகு ஏன் இப்படிக் கனக்கிறது என்று பார்த்தால், பின்பக்க ஓட்டையை அடைக்கும் பிளக்கை நான் போடவே இல்லை. "கட்டுமரத்துல இந்த வம்பே கிடையாது, தண்ணி பாட்டுக்கு வரும், போகும்" என்று சொன்ன பெரியவரே, அந்தப் பேச்சை என் மனைவி கேட்டுவிட்டார். ஹாலில் பாயைக் காயவைக்கும் போதெல்லாம் இப்போது அதைத்தான் சொல்கிறார்.

பலகையைக் கண்டெடுத்த பையன்களுக்கும் நன்றி. அதை ஸ்டம்பாக நட்டு ஆடிக்கொண்டிருந்தீர்கள், இன்னிங்ஸ் முடியாமல் தரமாட்டோம் என்றீர்கள். நியாயம்தான். நானும் ஓர் ஓவர் போட்டேன், அதிலும் ஸ்டம்பில் படவில்லை.

சுக்குக் காபியும் மாற்றுக் கைலியும் கொடுத்த அக்கா, கைலியைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறேன். தென்மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்றுக் காலத்தில் கொண்டுவருகிறேன். அப்போது வடகடலில் இறங்கலாம்தானே, டீக்கடை அண்ணே?