விலைக்குக் கேக்கறாங்க, வாசு

அன்புள்ள வாசு,

மஸ்கட் வெயில், பையனோட பத்தாம் வகுப்பு, உன் மாமியார் முட்டிவலி, எல்லாத்தையும் சேர்த்து ஒரு வாய்ஸ் மெசேஜா போட்டுடு. இங்க எல்லாரும் சௌக்கியம். அம்மாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள்ள இருக்கு, வாய்தான் கட்டுக்குள்ள இல்லை. சரசு டீச்சர் ரிட்டயர் ஆனாங்க. மேடையிலயும் அந்தப் பச்சை ஸ்கேலோடதான் உக்காந்திருந்தாங்க. சிரிப்பை அடக்க முடியாம நான் வெளிய வந்துட்டேன். நீயும் இருந்திருந்தா பழையபடி ரெண்டு பேரையும் சேர்த்தே அனுப்பியிருப்பாங்க.

எழுதலைன்னு திட்டாதே. ஆடித் தள்ளுபடியில துணி எடுத்தவங்க எல்லாம் தீபாவளி வரைக்கும் கடை வாசல்லயே நிப்பாங்க, உனக்குத் தெரியாததா. இப்போ எழுதறதும் பாசத்துல இல்லை. எனக்கு ஒரு வக்கீல் வேணும். நீ கோட்டைப் பரண்ல போட்டிருந்தாலும் மூளையைப் போட்டிருக்க மாட்டேன்னு நம்பறேன்.

ஜாக்கெட் தைக்கச் சொல்லித்தர்ற நம்ம வெப்சைட்டை ஒருத்தர் விலைக்குக் கேக்கறார்.

நிஜமாத்தான்டி. பெங்களூர்க்காரர், மெயில்ல பேச்சு ரொம்ப மரியாதை. போன 12 மாசத்துல செலவு போக நின்ன லாபத்துக்குச் சராசரி எடுத்து, அதை 32-ஆல பெருக்கித் தர்றாராம். தொகையை இங்க எழுத மாட்டேன், உன் வீட்டுக்காரர் படிப்பார். வீட்டுக் கடன் ஒரே மூச்சுல அடைஞ்சு, கடைக்கு ரெண்டு பவர் மெஷின் வாங்கியும் மிச்சம் இருக்கும்னு வெச்சுக்கோ.

முதல்ல ஏதோ லாட்டரி மோசடின்னுதான் நினைச்சேன். விசாரிச்சா, இது ஊரறிய நடக்கற வியாபாரம். 2009-ல மெல்போர்ன்ல ஆரம்பிச்ச ஃபிளிப்பான்னு ஒண்ணு இருக்கு, அங்க சைட் வாங்கறதும் விக்கறதும்தான் தொழிலே. அந்தியூர்ச் சந்தையில மாட்டுக்குப் பல்லைப் பிடிச்சுப் பாக்கற மாதிரி இங்கயும் பாக்கறாங்க: விளம்பர வருமானக் கணக்கு, ஹோஸ்டிங் பில், எந்தத் தேடல்ல எத்தனை பேர் வந்தாங்கங்கற சர்ச் கன்சோல் கணக்கு. பணம் நடுவுல ஒரு எஸ்க்ரோ கம்பெனிகிட்ட நிக்கும். டொமைனும் (அதான், சைட்டோட முகவரிப் பேரு) கோப்புகளும் அவர் கைக்குப் போய் அவர் சரின்னு சொன்ன பிறகுதான் எனக்கு வரும்.

ஆசை இல்லைன்னு சொன்னா பொய். சைட்டுக்கு வர்ற கூட்டம் குறைஞ்சுக்கிட்டே இருக்கு. "பிளவுஸ் ஆர்ம்ஹோல் அளவு எப்படி எடுக்கறது"ன்னு தேடினா இப்போ மேலயே ஒரு பெட்டியில பதில் வந்துடுது. என் வாக்கியத்தை எடுத்துச் சட்டை மாத்திப் போட்ட மாதிரியே இருக்கும், ஆனா உள்ள வர ஆள் இல்லை. அந்தப் பதில் சரியா இருந்தாலும் மனசு ஆறும். எல்லா உடம்புக்கும் மார்புச் சுற்றளவுல நாலுல ஒரு பங்குன்னு ஒரே சூத்திரம். மார்பளவு 42 இன்ச்சுக்கு மேல போனா முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் சமமா வெட்டினா என்ன ஆகும்னு அந்தப் பெட்டி ஒரு நாள் போட்டுப் பாக்கணும்.

இது எனக்கு மட்டும் வந்த கஷ்டம் இல்லை. அமெரிக்காவுல மெட்டாஃபில்டர்னு 1999-ல இருந்து ஓடற சைட், கேள்வி பதிலுக்குப் பேர் போனது. 2012 நவம்பர்ல கூகுள்ல இருந்து வர்ற கூட்டம் திடீர்னு சுமார் 40 சதவீதம் சரிஞ்சது. வருமானத்துல பெரும் பங்கு விளம்பரம். ஒன்றரை வருஷம் தாக்குப் பிடிச்சாங்க, 2014-ல வேலைக்காரங்களைக் குறைக்க வேண்டியதாப் போச்சு. அப்புறம் வாசகர்கள் கைக்காசு போட்டுத்தான் தாங்கிப் பிடிச்சாங்க. இதைப் படிச்சதுக்கு அப்புறம்தான் நான் விளம்பரத்தை மட்டும் நம்பக் கூடாதுன்னு பேட்டர்ன், அதாவது துணி வெட்டற அளவுப் படம், விக்கத் தொடங்கினேன்.

அந்தக் கதையை உனக்குச் சரியாவே சொன்னதில்லை. ஆரம்பத்துல விளம்பரமே கிடையாது, கூகுளோட விளம்பரச் சேவையான ஆட்சென்ஸ்ல தமிழ்ச் சைட்டைச் சேர்த்துக்கவே மாட்டாங்க. 2018 பிப்ரவரியிலதான் தமிழுக்குக் கதவு திறந்தது. அதுக்குள்ள 2016-ல ஜியோ வந்து, கூட்டம் மட்டும் வந்து குவிஞ்சிருந்தது. சத்தியமங்கலம் மலைமேல இருந்து ஒரு அக்கா போன் பண்ணி, "படம் தொறக்கவே மாட்டேங்குது கண்ணு"ன்னாங்க. அன்னிக்கு ராத்திரி உக்காந்து, 4 எம்பி இருந்த கட்டிங் படங்களை எல்லாம் 80 கேபிக்குள்ள கொண்டுவந்தேன். சைட் வளர்றதுக்கு நான் பண்ணின ஒரே பெரிய வித்தை அதுதான்னு இப்பவும் சொல்வேன். மத்த சைட்ல இருந்து இணைப்பை (பேக்லிங்க்) விலைக்கு வாங்கிக்கோ, தேடற வார்த்தையை (கீவேர்டு) நெரிச்சுப் போடுன்னு எத்தனையோ பேர் வந்து காசு கேட்டாங்க. ஒருத்தருக்கும் கொடுக்கலை. கேட்ட கேள்விக்குப் பதில் எழுதினேன், அந்தப் பதிலைத் தேடி அடுத்தவங்க வந்தாங்க.

பேட்டர்ன் விக்கறது வேற உலகம்டி. 60 ரூபாய் கட்டி அளவைப் போட்டா, அந்த அளவுக்கு முன்பக்கம், பின்பக்கம், கை, பட்டி எல்லாம் வரைஞ்சு பிடிஎஃப் வரும். ஏ4 தாள்ல அச்செடுத்து ஒட்டி, துணிமேல வெச்சு வெட்ட வேண்டியதுதான். நானும் அப்படித்தான் நினைச்சேன். முதல் வாரமே திட்டு. "36-ன்னு கொடுத்தேன், கை உள்ளயே போகலை." காரணம் என்ன தெரியுமா? ஜெராக்ஸ் கடைக்காரர் பிரிண்ட் எடுக்கும்போது தாளுக்குப் பொருந்தற மாதிரி சுருக்கி எடுத்துடறார். நூத்துக்கு 95-ஆச் சுருங்கினா 36 அளவு 34 ஆயிடும். அதனால ஒவ்வொரு தாள் மூலையிலயும் ஒரு இன்ச்சுக்கு ஒரு இன்ச் கட்டம் போட்டு, "முதல்ல இதை டேப் வெச்சு அளங்க, சரியா இருந்தா மட்டும் துணியைத் தொடுங்க"ன்னு எழுதினேன். திட்டு அதோட நின்னுச்சு. சிவப்பு மையில எழுதினதுக்கு அப்புறம்னு சொல்லணும், கருப்புல எழுதினப்போ யாரும் படிக்கலை.

அப்புறம் டெலிகிராம்ல ஒரே பிடிஎஃப்பை ஊருக்கே சுத்தவிட்டாங்க. இப்போ வாங்கினவங்க பேரு ஒவ்வொரு தாள்லயும் அச்சாகும். தன் பேரு போட்டதை ஊருக்குக் கொடுக்க நம்ம பொம்பளைங்களுக்கு மனசு வராது. வந்தாலும் மாமியார் பேர்ல வாங்கிடறாங்க, அது வேற கதை.

சரி, வித்துடலாம்னு முக்கால் மனசு வந்தாச்சு. அப்போதான் அவர் கேட்ட கேள்விகளை வரிசையா வெச்சுப் பாத்தேன். டொமைன் எந்த வருஷம் பதிஞ்சது? வெளிய எந்தெந்த சைட்ல இருந்து இணைப்பு இருக்கு? (ரெண்டு காலேஜ், ஒரு பத்திரிகை, ஒரு அரசு தையல் பயிற்சிப் பக்கம்.) தேடுபொறி எப்பவாவது தண்டனை போட்டிருக்கா? இவ்வளவுதான். பேட்டர்னைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கலை. ஜாக்கெட் சைட்டை வாங்கறவருக்கு ஜாக்கெட் மேல அக்கறையே இல்லை.

இங்கதான் நம்ம நிதின் வர்றான். அவனைப் பத்தி உனக்குத் தனியா எழுதணும். நெதர்லாந்துல பீட்டர் லெவல்ஸ்னு ஒருத்தர் 2014-ல 12 மாசத்துல 12 தொழில் ஆரம்பிக்கறேன்னு சொல்லிப் பேர் வாங்கினாராம். இவனும் 12 சைட் திறக்கறானாம், டொமைன் காசு அத்தைக்கு. முதல் சைட்ல ஏஐயை விட்டுக் குழந்தைப் பேருக்கு ராசிபலன்னு ரெண்டாயிரம் பக்கம் உருட்டி வெச்சிருக்கான். 2024 மார்ச்சுலயே கூகுள் இப்படி மொத்தமா உருட்டறதையும், காலாவதியான டொமைனை எடுத்து அதோட பழைய பேரை வெச்சுப் பிழைக்கறதையும் ஸ்பேம் கணக்குல சேர்த்தாச்சுடான்னு சொன்னா, "அத்தை, நீங்க ரொம்பப் பயப்படறீங்க"ங்கறான்.

ஆனா வேலைன்னு வந்தப்போ அவன்தான் பண்ணினான். பெங்களூர்க்காரர் ஏற்கெனவே வாங்கின ஒரு சமையல் சைட்டைக் கண்டுபிடிச்சு, இன்டர்நெட் ஆர்கைவ்ல இருக்கற பழைய பக்கங்களை எடுத்து இப்போ இருக்கறதோட பக்கத்துல வெச்சுக் காட்டினான். முன்னால ஒரு தெலுங்கு அம்மா ஊறுகாய் போட்ட படம். இப்போ அதே முகவரியில ரம்மி ஆப் விமர்சனம். 2025 ஆகஸ்ட்ல காசு வெச்சு ஆடற ஆன்லைன் விளையாட்டுக்குச் சட்டமே தடை போட்டாச்சு, அந்தப் பக்கங்கள் இன்னும் அங்கதான் இருக்கு. ஊறுகாய் எங்க போச்சுன்னு தெரியலை.

அன்னிக்கு எனக்குத் தூக்கமே வரலை வாசு. அமெரிக்காவுல பொண்ணுங்க நடத்தின ஹேர்பின்னு ஒரு சைட், 2010-ல ஆரம்பிச்சு 2018-ல மூடினாங்க. அந்த டொமைன் பிறகு செர்பியாக்காரர் ஒருத்தர் கைக்குப் போய், ஏஐ எழுதின கட்டுரைகளால நிரம்பிடுச்சு. 2024-ல அது செய்தியா வந்தது. அதுல என்னைக் குத்தினது ஒண்ணுதான்: பழைய கட்டுரைகள்ல நல்லா ஓடினதை அப்படியே விட்டுட்டு, எழுதின பொண்ணுங்க பேரை மட்டும் தூக்கிட்டு ஆம்பளைப் பேரைப் போட்டிருந்தாங்க.

என் சைட்ல எத்தனை பேரோட பேர் இருக்கு தெரியுமா? பூந்துறை ராணியக்காவோட கட்டோரி கட்டிங், தர்மபுரி ஆயிஷா சொன்ன ஃபுல் கை லைனிங் முறை, வீட்டை விட்டு வெளிய வர முடியாத ஒரு தங்கச்சி வரைஞ்சு அனுப்பின கழுத்து டிசைன் வரிசை. ராணியக்கா அந்தப் பக்கத்தை போன்ல காட்டித்தான் கோபியில கிளாஸ் எடுக்கற வேலையே வாங்கினாங்க. நாளைக்கு அந்த இடத்துல ரம்மியோ, வேற எவனோட பேரோ வந்தா நான் பூந்துறைப் பக்கம் பஸ்ஸே ஏற முடியாது.

இனி வக்கீலம்மாவுக்கு. வரைவு ஒப்பந்தத்தை மெயில்ல அனுப்பியிருக்கேன், ஒன்பதாவது பத்தியைப் பாரு. வித்த பிறகு 5 வருஷத்துக்குத் தையல் சம்பந்தமா எந்த மொழியிலயும் சைட், சேனல், குழு எதையும் நான் நடத்தக் கூடாதாம். கடை வாட்ஸ்அப் குழுவுல "தாவணிக்கு எத்தனை மீட்டர்"னு யாராவது கேட்டா நான் பதில் சொல்லலாமா கூடாதா?

நானே கொஞ்சம் படிச்சேன், தப்பா இருந்தா திருத்து. 1872 ஒப்பந்தச் சட்டம், 27-ஆவது பிரிவு. ஒருத்தரைத் தொழில் செய்யாதேன்னு தடுக்கற ஒப்பந்தம் செல்லாது. ஆனா தொழிலோட குட்வில்லை, அதாவது சேர்த்து வெச்ச நல்ல பேரை, விக்கறவங்களுக்கு மட்டும் விதிவிலக்கு: குறிப்பிட்ட எல்லைக்குள்ள, நியாயமான அளவுக்கு, வாங்கினவர் அதே மாதிரித் தொழிலை அங்க நடத்தற வரைக்கும் தடுக்கலாம். இதுல எனக்கு ரெண்டு சந்தேகம். சைட்டுக்கு எல்லை எது? ஈரோடா, தமிழ் படிக்கறவங்க இருக்கற இடம் எல்லாமா? ரெண்டாவது, அவர் ஜாக்கெட்டைத் தூக்கிட்டு ரம்மி போட்டார்னா அவர் நடத்தறது "அதே மாதிரித் தொழில்" இல்லையே, அப்போ என் கைக்கட்டும் அவிழுமா? இதைப் படிச்சப்போ நீ தேர்வுக்கு முந்தின நாள் ஹாஸ்டல் மொட்டை மாடியில கத்திப் படிச்சது எல்லாம் ஞாபகம் வந்தது. அப்போ நான் கவனிச்சுக் கேட்டிருந்தா இன்னிக்கு உனக்குத் தர்ற ஃபீஸ் மிச்சம்.

இன்னொண்ணு. பேரும் பக்கங்களும் அப்படியே இருக்கணும்னு நிபந்தனை போட்டு விக்கலாம்னு அண்ணன் சொல்றார். இவர்கிட்ட வாங்கற வாக்கு, இவர்கிட்ட இருந்து அடுத்து வாங்கறவரைக் கட்டுமா? டெலிஷியஸ்னு புக்மார்க் சைட் ஒண்ணு இருந்தது, ஞாபகம் இருக்கா, நீ காலேஜ் லேப்ல உபயோகிச்சே. அதை 2005-ல யாஹூ வாங்கினாங்க. பிறகு கைமாறிக் கைமாறி, கடைசியில 2017-ல பின்போர்டுங்கற தனி ஆள் சைட்டுக்கு 35,000 டாலருக்குப் போச்சு. நடுவுல வாங்கின ஒவ்வொருத்தரும் முதல்ல கொடுத்த வாக்கையா நினைச்சிருப்பாங்க?

எனக்கு இப்போ தோணறது இது. டொமைனைத் தொட விடக் கூடாது. பேட்டர்ன் வரையற அந்த நிரலை மட்டும் வேணும்னா உரிமம் கொடுக்கறேன், கன்னடத்துல தனிப் பேர்ல அவர் நடத்திக்கட்டும். தொகை நிறையக் குறையும், வீட்டுக் கடன் கிடந்து உறுத்தும். அம்மா "பைத்தியக்காரி"ன்னு சொல்லியாச்சு. அண்ணன் சொல்லாம சொல்லியாச்சு. நீ நேரா சொல்லு. மாசக் கடைசி வரைக்கும் டைம் கேட்டிருக்கேன், உரிமத்துக்கு ஒரு வரைவு நீயே எழுதித் தந்தா நல்லது.

ஃபீஸா ஒரு பிரின்சஸ் கட் பட்டு ஜாக்கெட், கொக்கி எல்லாம் கையால வெச்சுத் தர்றேன். அளவு ஜாக்கெட் அனுப்பு. காலேஜ்ல போட்டதை அனுப்பி ஏமாத்தினா அப்படியே தச்சு அனுப்பிடுவேன்.

உன்
கௌரி