பெயரைக் கெடுப்பது தள்ளுபடியா, விலைச்சீட்டா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உயர்ரகக் கைப்பை நிறுவனங்கள் தள்ளுபடி கொடுக்கத் தொடங்கினால் அவற்றின் மதிப்பு சரிந்துவிடும் என்று தங்கள் நாளிதழின் வணிகப் பக்கத்தில் அண்மையில் வெளியான கட்டுரை கூறியிருந்தது. தோல் பொருள் ஏற்றுமதித் தொழிலில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில், அந்தக் கருத்து பாதிதான் சரி என்று எனக்குத் தோன்றுகிறது. பருவம் முடிந்து தேங்கிய சரக்கை விலை குறைத்து விற்பதால் எந்தப் பெயரும் கெட்டுவிடுவதில்லை. எவரும் கொடுக்காத ஒரு விலையைச் சீட்டில் எழுதி, அதைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு, பாதி விலை என்று ஆண்டு முழுவதும் விற்கும்போதுதான் பெயர் கெடுகிறது. நம் ஊர் ஆடித் தள்ளுபடிக்காவது ஒரு மாதம் என்ற வரம்பு உண்டு.

கட்டுரையில் ஒரே வரியில் வந்துபோன அமெரிக்காவின் கோச் நிறுவனத்தையே எடுத்துக்கொள்ளலாம். 1941-இல் நியூயார்க்கின் மன்ஹாட்டனில் ஒரு சிறு தோல் பட்டறையாகத் தொடங்கிய நிறுவனம் அது. விற்காமல் நின்ற பைகளையும் சிறு குறையுள்ள பைகளையும் கழித்துக்கட்டுவதுதான், விலை குறைத்து விற்கும் அதன் ‘அவுட்லெட்’ கடைகளின் தொடக்க நோக்கம். அங்கே வியாபாரம் சூடுபிடித்ததும், அந்தக் கடைகளுக்கென்றே தனியாகப் பைகள் தயாராகத் தொடங்கின. உள்ளே தைத்திருக்கும் தோல் துண்டில் அச்சிட்ட எண்ணுடன் ‘எஃப்’ என்ற எழுத்து இருந்தால் அது அவுட்லெட்டுக்கென்றே செய்த பை என்று வாடிக்கையாளர்களே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் நிலை வந்தது.

குறைந்த விலையை முதலிலேயே முடிவுசெய்துவிட்டு ஒரு பையைத் தயாரிக்கும்போது எங்கெங்கே கை வைப்பார்கள் என்பது எந்த நிறுவனத்துக்குத் தைத்தவர்களுக்கும் தெரிந்த சங்கதி. மேல்பரப்பைத் தேய்க்காத, ஃபுல் கிரெய்ன் எனப்படும் உயர்ரகத் தோல் இருந்த இடத்துக்கு, மேலே கனமாகப் பூச்சு கொடுத்துத் தழும்புகளை மறைத்த தோல் வரும். பித்தளைக் கொக்கிக்குப் பதிலாக முலாம் பூசிய கலப்பு உலோகம் வரும். உள்ளே ஒரு ஜிப் அறை குறையும். விளிம்பில் பூசித் தேய்த்து மறுபடி பூசும் வேலை ஓரிரு தடவைகளோடு நின்றுவிடும். இவற்றில் எதுவும் குற்றம் அல்ல, அந்த விலைக்கு அந்தப் பை நியாயமானதாகவே இருக்கலாம். ஆனால் எந்தக் கடையிலும் முழு விலைக்கு வைக்கப்படாத ஒரு பையின் சீட்டில் முழு விலை என்று ஒரு தொகையை எழுதுவதை எப்படி நியாயப்படுத்துவது? கோச்சின் போட்டியாளரான மைக்கேல் கோர்ஸ் நிறுவனத்தின் மீது 2014-இல் அமெரிக்காவில் தொடரப்பட்ட வழக்கு இதைப் பற்றியதுதான். அவுட்லெட் கடைச் சீட்டில் பரிந்துரைக்கப்பட்ட சில்லறை விலை என்று போட்டிருந்த தொகைக்கு அடிப்படையே இல்லை என்பது குற்றச்சாட்டு. தவறை ஒப்புக்கொள்ளாமலேயே அந்த நிறுவனம் மறு ஆண்டு 48 லட்சத்து 75 ஆயிரம் டாலர் கொடுக்கச் சம்மதித்து வழக்கை முடித்துக்கொண்டது.

தன் பெயர் இறங்கியதைக் கோச் உணர்ந்து எடுத்த நடவடிக்கைகள் கசப்பானவை. வட அமெரிக்காவில் சுமார் 70 கடைகளை மூடப்போவதாக 2014-இல் அறிவித்தது. இணையத்தில் அடிக்கடி நடத்திவந்த அவுட்லெட் விற்பனைகளைக் குறைத்தது. 2016-இல், கூப்பன்களுக்குப் பேர்போன டிபார்ட்மென்ட் ஸ்டோர்களில் 250-க்கும் மேற்பட்ட இடங்களிலிருந்து விலகிக்கொண்டது. 2013 நிதியாண்டில் 500 கோடி டாலரைத் தாண்டியிருந்த ஆண்டு விற்பனை 2015-இல் சுமார் 420 கோடியாக இறங்கியது என்றால், வாங்கியவர்களில் எத்தனை பேர் பைக்காக அல்லாமல் தள்ளுபடிக்காகவே வந்தவர்கள் என்பது விளங்கும். கூடவே 2013-இல் ஸ்டூவர்ட் வீவர்ஸ் என்ற வடிவமைப்பாளரைக் கொண்டுவந்து பையையும் மாற்றினார்கள் என்பதைக் கட்டுரையாளர் கவனிக்கவில்லை. இன்று டேபி என்ற அதன் பையை இளம்பெண்கள் தேடி வாங்குவதற்குக் கூப்பனை நிறுத்தியது மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது.

விலையைக் குறைக்கவே கூடாது என்ற மறுகோடிக்குப் போனவர்களின் கதையும் அப்படியொன்றும் மெச்சத்தக்கதாக இல்லை. பிரான்சின் லூயி வித்தோன் நிறுவனம் தன் சொந்தக் கடைகளில் மட்டுமே விற்பதால் விலை அதன் கைப்பிடியிலேயே இருக்கிறது. அந்த வசதி எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. பிரிட்டனின் பர்பரி நிறுவனம் 2 கோடியே 86 லட்சம் பவுண்டு மதிப்புள்ள சரக்கை ஒரே ஆண்டில் அழித்தது 2018-இல் அதன் ஆண்டறிக்கையின் வழியே வெளியே தெரிந்து, எதிர்ப்பு கிளம்பியதும் அவ்வழக்கத்தைக் கைவிட்டது. மலிவாகப் போய்ப் பெயர் கெடுவதைவிட எரிந்து சாம்பலாவது மேல் என்ற இந்தக் கணக்கு, ஒரு தோலைப் பதனிடச் செலவாகும் தண்ணீரையும் உழைப்பையும் கண்ணால் பார்த்தவனுக்கு வயிற்றெரிச்சலைத்தான் தரும். விலையை ஏற்றினால் மதிப்பு தானாக ஏறும் என்று நம்பிய பிரிட்டனின் மல்பெரி கைப்பை நிறுவனத்தின் வாடிக்கையாளர்கள் விலகிப்போனார்கள். அந்த முயற்சிக்குத் தலைமை தாங்கிய தலைமை நிர்வாகி 2014-இல் பதவி விலக நேர்ந்தது.

தள்ளுபடியால் வாங்குபவருக்குக் கிடைக்கும் நன்மையைக் கட்டுரை தொடவே இல்லை. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2007-இல் லீஜின் நிறுவனத்தின் வழக்கில், தன் சரக்கை இன்ன விலைக்குக் கீழே விற்கக் கூடாது என்று கடைக்காரருக்கு உற்பத்தியாளர் நிபந்தனை விதிப்பது தன்னளவிலேயே சட்டவிரோதம் ஆகிவிடாது, சூழலைப் பொறுத்தே முடிவுசெய்ய வேண்டும் என்று ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. அங்கேயும் பிணக்குக்குக் காரணம் பெண்களுக்கான தோல் பொருள்களை டெக்சாஸில் ஒரு சிறு கடை 20 விழுக்காடு குறைத்து விற்றதுதான். ஆனால் 2024-இல் காற்று வேறு பக்கம் வீசியது. கோச்சின் தாய் நிறுவனமான டேபஸ்ட்ரி, மைக்கேல் கோர்ஸின் தாய் நிறுவனமான காப்ரியை 850 கோடி டாலருக்கு வாங்க முனைந்தபோது, இந்தப் பெயர்கள் ஒரே கைக்குப் போய்விட்டால் தள்ளுபடியில் ஒன்றோடொன்று போட்டியிடுவது நின்று வாங்குபவர்கள் நட்டப்படுவார்கள் என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் வாதிட்டது. நியூயார்க் நீதிமன்றம் அக்டோபரில் தடை விதித்தது. அடுத்த மாதமே இணைப்பு கைவிடப்பட்டது. நிறுவனத்தின் கௌரவத்துக்குக் கேடு என்று கட்டுரை சொன்ன அதே தள்ளுபடியை, நடுத்தர வருமானம் உள்ள பெண்ணின் உரிமையாக ஓர் அரசு அமைப்பு நீதிமன்றத்தில் ஏறிப் பேசியிருக்கிறது.

ஆகவே, தள்ளுபடி வேண்டுமா வேண்டாமா என்று விவாதிப்பதைவிட, எந்த விலையிலிருந்து தள்ளுபடி என்று கேட்பதே பயனுள்ளது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 மே மாதம் முதல், விலைக் குறைப்பை அறிவிக்கும் கடை, அதற்கு முந்தைய 30 நாள்களில் அந்தப் பொருளை விற்ற மிகக் குறைந்த விலையையும் காட்ட வேண்டும் என்பது பொது விதி. நம் நாட்டில் அதிகபட்ச விலையை அச்சிட வேண்டும் என்ற சட்டம் இருக்கிறதே தவிர, அடித்துக் காட்டும் விலைக்கு உண்மையில் யாராவது வாங்கினார்களா என்று கேட்பவர் இல்லை. வெளிநாட்டுக் கைப்பைகள் நம் இணையக் கடைகளில் பாதி விலை என்ற பட்டையோடு வரிசைகட்டி நிற்கும் இந்த நாளில், அந்த 30 நாள் விதியை இங்கேயும் கொண்டுவருவது பற்றித் தங்கள் வணிகப் பக்கம் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
ராணிப்பேட்டை